ஜேம்ஸ் லாசன்: அடி வாங்கப் பயிற்சி கொடுத்தவர்

[திரை: நாஷ்வில், டென்னசி மாநிலம், அமெரிக்கா, 1959. ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளம்]

வரிசையாக நாற்காலியில் கறுப்பின மாணவர்கள். பின்னால் நிற்பவர்கள் வாயில் வந்தபடி திட்டுகிறார்கள், முடியைப் பிடித்து இழுக்கிறார்கள், முகத்தில் சிகரெட் புகை ஊதுகிறார்கள். எல்லாரும் ஒரே கூட்டம்தான், நடப்பது நிற ஒதுக்கலை எதிர்க்கும் அறப்போராட்டத்துக்கு ஒத்திகை. நடத்துபவர் ஜேம்ஸ் லாசன்.

1928இல் பிறந்தவர். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர மறுத்தார். மாணவர் அல்லது போதகர் என்ற சலுகையில் தப்பித்திருக்கலாம். அதைக் கேட்கவே இல்லை. 13 மாதம் சிறை. பிறகு நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரி. மூன்று ஆண்டு அங்கிருந்து காந்தியின் வழிமுறைகளைப் படித்தார். பஸ்ஸில் நிறம் பார்த்து இடம் ஒதுக்கியதை எதிர்த்து மாண்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள் நடத்திய பஸ் புறக்கணிப்பு பற்றி முதலில் தெரிந்துகொண்டதும் நாக்பூர் செய்தித்தாளில்தான். 1957இல் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தபோது, உடனே அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்கு வரச்சொன்னார் கிங். அப்படித்தான் நாஷ்வில்.

[திரை: கடைவீதி, கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடும் லஞ்ச் கவுண்டர்]

எதை எதிர்ப்பது என்பதை ஊரின் கறுப்பினப் பெண்களிடம் கேட்டார்கள். பெரிய கடைகளில் துணி வாங்கலாம். அதே கடையில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. இலக்கு கிடைத்துவிட்டது.

1959 நவம்பர், டிசம்பரில் முன்னோட்டம். சிறு குழுவாகப் போய் ஏதாவது ஒரு பொருள் வாங்குவார்கள், கவுண்டரில் உட்காருவார்கள். மறுத்தால் மேனேஜரிடம் காரணம் கேட்டுவிட்டு எழுந்து வருவார்கள். கடைக்காரரின் பதிலை அவர் வாயாலேயே கேட்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

1960 பிப்ரவரி 13. 124 மாணவர்கள், மூன்று கடைகள். நல்ல உடை, கையில் பாடப்புத்தகம். பின்னர் மாணவர்களான ஜான் லூயிஸும் பெர்னார்ட் லஃபாயட்டும் எழுதிய விதிகள் தாளில் வந்தன: திருப்பி அடிக்காதே, ஏசாதே. சிரிக்காதே. கவுண்டரைப் பார்த்து நேராக உட்கார். குழுத்தலைவர் சொல்லாமல் எழாதே. நடைபாதையை மறிக்காதே. சிரிப்புக்கு ஏன் தடை என்று தோன்றும். பதற்றத்தில் வரும் சிரிப்பு எதிராளிக்குக் கேலியாகப் படும். வழியை மறித்தால் போலீசுக்கு வழக்கு கிடைத்துவிடும். ஒருவர் கை ஓங்கினால் போதும், மறுநாள் பத்திரிகையில் அது 'இரு தரப்பு மோதல்'.

கீழே தள்ளினால் உடலைச் சுருட்டித் தலையைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். ஒருவருக்கே அடி விழுந்தால் அடுத்தவர் குறுக்கே புகுந்து பங்கு வாங்கிக்கொள்வார்.

பிப்ரவரி 27 அன்று கும்பல் தாக்கியது. கைதானது மாணவர்கள், 80 பேருக்கு மேல்! ஒரு வரிசையைப் போலீஸ் கொண்டுபோனதும் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. 50 டாலர் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள்.

மார்ச்சில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அங்கே படித்துக்கொண்டிருந்த லாசனை நீக்கியது. அவரையே ஒருவன் முகத்தில் துப்பியதுண்டு. லாசன் அவனிடமே கைக்குட்டை கேட்டு வாங்கித் துடைத்துக்கொண்டு, மோட்டார் பைக் வைத்திருக்கிறாயா என்று பேச்சுக் கொடுத்தார். அசட்டுத் துணிச்சல்போலத் தெரியும். எதிரில் நிற்பவனைக் கும்பலிலிருந்து பிரித்து ஒற்றை மனிதனாக்கும் உத்தி அது.

[திரை: நகராட்சிப் படிக்கட்டு, ஏப்ரல் 19]

இதற்கிடையே கறுப்பின மக்கள் கடைவீதியையே புறக்கணித்தார்கள். ஈஸ்டர் வியாபாரம் படுத்தது. மாணவர்களின் வழக்கறிஞர் லூபி வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம். நிறத்தைக் காட்டி ஒதுக்குவது சரியா என்று மாணவர் தலைவி டயான் நாஷ் கேட்க, மேயர் பென் வெஸ்ட் எல்லார் முன்னும் தவறு என்று ஒப்புக்கொண்டார்.

மே 10 அன்று ஆறு கடைகளின் கவுண்டரில் கறுப்பின மக்களுக்கு உணவு பரிமாறப்பட்டது. அதற்கும் திட்டம் உண்டு: கூட்டமாகப் போகவில்லை, கடைக்காரருக்கு முன்பே நாள் சொல்லி, சிறு குழுக்களாகப் போனார்கள். செய்தியைப் பெரிதாக்க வேண்டாம் என்று பத்திரிகைகளையும் கேட்டுக்கொண்டார்கள்.