ஹங்கேரி ஆட்டமா, ஸ்லோவாக் ஆட்டமா?

[காட்சி: மேடையில் நான்கு இளைஞர்கள். பூட்ஸைத் தட்டி ஆடுகிறார்கள்.]

குதிகாலோடு குதிகால் மோதுகிறது. தூக்கிய காலில் உள்ளங்கையால் ஒரு அடி. இது எந்த நாட்டு ஆட்டம்? ஹங்கேரியக் குழுக்களும் ஆடுகின்றன, ஸ்லோவாக் குழுக்களும் ஆடுகின்றன. இரண்டு பேருக்கும் இது சொந்தம்தான்.

பெயர் வெர்புங்க். 18-ஆம் நூற்றாண்டில், ஆஸ்திரியாவையும் ஹங்கேரியையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் படைக்கு ஆள் சேர்க்க வந்தவர்கள் ஊர் நடுவில் ஆடியதிலிருந்து வளர்ந்தது. மேளம் இல்லை, வயலின்தான். கூடவே மதுவும் பளபளக்கும் சீருடையும். ஊர்ப் பையன்களை மயக்கிப் படையில் சேர்ப்பதுதான் நோக்கம். இன்றைய ஸ்லோவாக்கியா அன்று ஹங்கேரி அரசுக்குள் இருந்தது. வந்தவர்களுக்கு ஆள் கிடைத்தால் போதும், அவன் வீட்டில் என்ன மொழி பேசினால் என்ன? பிறகு கட்டாய ராணுவ சேவை வந்தது. ஆள்பிடிப்பு நின்றது, ஆட்டம் ஊரிலேயே தங்கிவிட்டது. மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும் சார்டாஷ் என்ற ஜோடி ஆட்டத்திலும் அந்த இசையின் சாயல் உண்டு.

[காட்சி: மேடையின் பின்பக்கம், இசைக்குழு.]

இப்போது பின்னால் இருப்பவர்களைப் பாருங்கள். விளக்கு வெளிச்சம் இவர்கள்மேல் குறைவாகவே விழுகிறது, எனக்கு அது பெரிய வருத்தம். முதல் வயலின் மெட்டைப் பிடிக்கிறது. வியோலாவும் டபுள் பாஸும் தாளத்தைத் தாங்குகின்றன. நம் சந்தூரைப் போல, சிறு குச்சிகளால் கம்பிகளைத் தட்டி வாசிப்பது சிம்பலோம். இந்த வாசிப்பைத் தலைமுறைகளாகக் காத்தவர்களில் பெரும்பாலோர் ரோமா (ஜிப்சி) இனக் கலைஞர்கள். இன்று ஹங்கேரியர் கல்யாணம், நாளை ஸ்லோவாக் கல்யாணம், கேட்டதை வாசிக்க வேண்டும். மெட்டுகள் அவர்களோடுதான் ஊர்விட்டு ஊர் போயின. 18-ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற வயலின் கலைஞர் சிங்கா பன்னா ஒரு ரோமா பெண். அவர் ஊர் இருக்கும் கெமெர் பகுதி இன்று ஸ்லோவாக்கியாவில்.

இன்னொன்று. ஹங்கேரிய மொழிக்கும் ஸ்லோவாக் மொழிக்கும் உறவே இல்லை. ஆனால் இரண்டிலும் சொல்லின் முதல் அசையில்தான் அழுத்தம் விழும். அதனால் ஒரு மொழிப் பாட்டின் மெட்டில் மற்ற மொழி வரிகள் சுலபமாக உட்காரும்.

[காட்சி: ஃபோனோகிராஃப் என்ற பழைய ஒலிப்பதிவுக் கருவி.]

இந்தக் கொடுக்கல் வாங்கலை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவர் ஹங்கேரிய இசைமேதை பேலா பார்டோக். பள்ளியில் படித்தது ஸ்லோவாக்கியாவின் இன்றைய தலைநகர் பிராட்டிஸ்லாவாவில். ஸ்லோவாக் மெட்டுகள் மட்டும் 3,000-க்கு மேல் சேகரித்தார். குழந்தைகளுக்காக எழுதிய பியானோ தொகுப்பில் ஒரு பாதி ஹங்கேரிய மெட்டுகள், மறுபாதி ஸ்லோவாக் மெட்டுகள். அவர் நண்பர், இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாய் சிறுவயதில் வளர்ந்த கலாந்தாவும் இன்று ஸ்லோவாக்கியாதான். அந்த ஊர் ரோமா குழுவின் பழைய மெட்டுகளை வைத்து 1933-இல் 'கலாந்தா நடனங்கள்' எழுதினார்.

சரி, மேடைக்கு வருவோம். ஸ்லோவாக் அரசுக் கலைக்குழு 1949-இல் தொடங்கியது, ஹங்கேரிய அரசுக் குழு 1951-இல். பெரிய கூட்டம், எல்லோருக்கும் ஒரே அடி. பார்க்கப் பிரமிப்பாக இருக்கும். ஆனால் கிராமத்தில் யாரும் இப்படி வரிசையாக ஆடியதில்லை, ஆளுக்கு ஆள் அடி மாறும். 1972-இல் புடாபெஸ்ட் இளைஞர்கள் 'டான்ஸ்ஹாஸ்' என்ற நடனக்கூடங்களைத் தொடங்கி, கிராமத்துப் பெரியவர்கள் ஆடிய விதத்தையே கற்றார்கள். அதற்கப்புறம் மேடையிலும் அந்தத் தனித்தன்மைக்கு இடம் கிடைத்தது. பிராட்டிஸ்லாவாவில் 1955-இல் தொடங்கிய ஹங்கேரிய நடனக்குழு 'இஃப்யூ சிவெக்' இன்றும் ஆடுகிறது.

இந்த ஆட்டங்களின் வீடியோ கிடைத்தால், ஆடுபவரின் காலை மட்டும் பார்க்காதீர்கள். முதல் வயலின்காரரின் கண்ணையும் பாருங்கள். அந்தக் காலைப் பார்த்துத்தான் அவர் வேகத்தைக் கூட்டுவார்.