டவர் இல்லாத மலையில் போனை வைத்து வழி பார்ப்பது எப்படி?

(திரையில்: காலை வெளிச்சத்தில் குரங்கணி, பின்னால் மலைச்சரிவு)

வணக்கம். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர் பக்கம் இருக்கிற குரங்கணி இது. இங்கிருந்து ஒரு பழைய பாதை டாப் ஸ்டேஷனுக்கு ஏறுகிறது. நூறு வருடத்துக்கு முன்னால் மூணாறு தேயிலை அங்கிருந்து ரோப்வேயில் கோட்டக்குடிக்கு இறங்கியது. அந்த ரோப்வேயின் மேல்முனை என்பதால்தான் அந்த இடத்துக்கு டாப் ஸ்டேஷன் என்று பெயர்.

மலைப்பாதைகளில் கொஞ்ச தூரம் ஏறியதுமே போனில் சிக்னல் விட்டுவிட்டு வரும், அப்புறம் போயே விடும். உடனே பலரும் "நெட் இல்லை, இனி மேப் ஓடாது" என்று போனைப் பையில் போட்டுவிடுகிறார்கள். அந்த நினைப்பு தவறு.

(திரையில்: பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்கள்)

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. உங்கள் போன் அதைக் காது கொடுத்துக் கேட்கிறது, அவ்வளவுதான். நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கிடைத்துவிட்டால் தான் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். இதற்கு டவரும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். திறந்த வானத்தின் கீழ் சாதாரண போனுக்கே பிழை 5 மீட்டர் அளவில்தான் இருக்கும். பள்ளத்தாக்கிலும் பாறைச் சுவர் ஓரத்திலும் சிக்னல் மோதித் திரும்பி வருவதால், மேப்பில் நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி கொஞ்சம் அலையும்.

நெட் இல்லாதபோது இரண்டு விஷயம் குறைகிறது. ஒன்று, மேப் படம் வராது. இன்னொன்று, முதல் தடவை இடம் பிடிக்க நேரமாகும். எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை நெட் சட்டென்று கொடுத்துவிடும். நெட் இல்லையென்றால் செயற்கைக்கோளிடமிருந்தே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு அரை நிமிடமாவது ஆகும், மரக்கூட்டத்துக்குள் இன்னும் கூடும். அதனால் அடிவாரத்திலேயே, சிக்னல் இருக்கும்போதே லொகேஷனைப் போட்டு, நீலப்புள்ளி நிலைத்த பிறகு நடக்கத் தொடங்குங்கள்.

(திரையில்: போன் திரை, மேப் பதிவிறக்கம்)

எந்த ஆப்? கூகுள் மேப்ஸில் ஒரு பகுதியைச் சேமித்து வைக்க முடியும். ஆனால் நெட் இல்லாதபோது அது வண்டிக்குத்தான் வழி சொல்லும், நடப்பவருக்குச் சொல்லாது. மலைக்கு நான் சொல்வது ஆர்கானிக் மேப்ஸ், இல்லையென்றால் ஆஸ்மாண்ட். இரண்டுக்கும் அடிப்படை, 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். தன்னார்வலர்கள் நடந்து நடந்து வரைந்தது என்பதால் ஒற்றையடிப் பாதைகூட அதில் இருக்கும். குரங்கணிக்குப் போகிறவர்கள் தமிழ்நாட்டோடு கேரளத்தையும் இறக்கி வையுங்கள். டாப் ஸ்டேஷன் இருப்பது எல்லையில்.

இறக்கிய பிறகு வீட்டிலேயே ஏர்பிளேன் மோடில் போட்டு, போக வேண்டிய இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாதைக்கோடு தெரிகிறதா? தெரியவில்லையென்றால் வீட்டில் இருக்கும்போதே சரிசெய்துவிடலாம்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மேப்பை வழி தவறிய பிறகு திறப்பதால் பாதிப் பயன்தான். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் திறக்க வேண்டும். நானும் ஒருமுறை இறங்கும்போது, அகலமாகத் தெரிந்த தடத்தில் பேச்சுச் சுவாரசியத்தில் இருபது நிமிடம் நடந்துவிட்டேன். அது மாடு போகும் தடம். போனை எடுத்தபோது நீலப்புள்ளி பாதைக்கோட்டை விட்டு வெகுதூரம் தள்ளி நின்றது. இறங்கிய அத்தனையையும் மூச்சு வாங்க ஏறினோம். பிரிவில் பத்து விநாடி நின்றிருந்தால் போதும். மலையில் மாட்டுத்தடம், யானைத்தடம், வனத்துறை வெட்டி வைத்த தீத்தடுப்புக் கோடு எல்லாமே பாதை மாதிரிதான் தெரியும். பல நேரம் உண்மையான பாதையைவிட நன்றாகவே இருக்கும்.

பிரிவில் நிற்கும்போது, நீங்கள் பார்க்கும் திசையைக் காட்டும் அம்புக்குறியை மட்டும் நம்பாதீர்கள். காந்தம் வைத்த போன் கவர் திசைமானியைக் குழப்பிவிடும். எந்தக் கிளை என்று சந்தேகம் வந்தால் ஒன்றில் முப்பது, நாற்பது அடி எடுத்து வையுங்கள். புள்ளி கோட்டின் மேலேயே நகர்ந்தால் சரி.

(திரையில்: சம உயரக் கோடுகள், நெருங்கியும் விலகியும்)

மேப்பில் மெல்லிய வளைகோடுகள் தெரிகின்றன அல்லவா? இவை சம உயரக் கோடுகள். நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமதரை. "இரண்டு கிலோமீட்டர்தானே, குறுக்கே போய்விடலாம்" என்று தோன்றும்போது இந்தக் கோடுகளை எண்ணுங்கள். அந்தக் குறுக்குவழி பாறை விளிம்பில் முடிவது அங்கேயே தெரியும்.

உயரம் பற்றி நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் தெற்கே பூமியின் ஈர்ப்பு குறைவு. கடல்மட்டமே, ஜிபிஎஸ் உயரத்தை அளக்க அடிப்படையாக வைக்கும் பூமியின் கணித வடிவத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. உலகிலேயே மிக ஆழமான அந்தப் பள்ளம் 106 மீட்டர். தமிழ்நாட்டில் சுமார் 90 மீட்டர். இதைத் திருத்தாத ஆப், 1700 மீட்டரில் நிற்பவருக்கு 1600 என்று காட்டும். போன் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

பேட்டரியைத் தின்பது திரையும், கிடைக்காத டவரைத் தேடும் வேலையும்தான். ஏர்பிளேன் மோடிலேயே நடங்கள், பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் ஓடும். நடந்த தடத்தைப் பதிவு செய்தால், அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பாதியில் நின்றுவிடும். மழையில் நனைந்த திரை விரலுக்குப் பணியாது, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்று வேண்டும். பவர் பேங்க் கட்டாயம்.

மேப் சொல்லாததும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று இதே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். புல் எவ்வளவு காய்ந்திருக்கிறது, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதெல்லாம் உள்ளூர் வழிகாட்டிக்குத்தான் தெரியும். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் ஏறாதீர்கள். அவர் ஒன்று சொல்லி, நீலப்புள்ளி வேறொன்று சொன்னால், அவர் பேச்சைக் கேளுங்கள்.

அவசரம் என்றால் ஏர்பிளேன் மோடை எடுத்துவிட்டு 112-ஐ அழையுங்கள். உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் டவர் கிடைத்தால் அழைப்பு போகும். நீலப்புள்ளியை அழுத்தினால் வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படியுங்கள். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் சொன்னால் சுமார் 11 மீட்டருக்குள் உங்களைத் தேடலாம். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் காட்டைத் தேட வேண்டிவரும்.

கிளம்பும் முன், போகிற வழியின் ஜிபிஎக்ஸ் கோப்பை, அதாவது பாதையை மேப் ஆப்பில் திறந்து பார்க்கும் கோப்பை, வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, எத்தனை மணிக்குள் இறங்கிவிடுவீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.