பிச்சாவரத்தில் ஒரு முழுப் பகல்

நேயர்களுக்கு வணக்கம்.

பிச்சாவரம் போய்வந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். படகில் ஏறினோம், மரங்கள் தலைக்கு மேலே கவிந்திருந்தன, போட்டோ எடுத்தோம், திரும்பிவிட்டோம். நம் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிற ஊர், சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் கிள்ளை, அதைத் தாண்டினால் பிச்சாவரம். பக்கத்தில் இருப்பதாலேயே அவசரமாகப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். ஒரு தடவையாவது காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே இருந்து, அங்கே ஓடைகளுக்கு நடுவே இருக்கிற சின்னச் சின்னத் தீவுகளை நம்பிப் பிழைக்கிறவர்களின் ஒரு நாளைப் பாருங்கள். இதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் அலையாத்திக் காடு, அதாவது உப்புத் தண்ணீரில் வளர்கிற மாங்குரோவ் காடு. ஓடைகள் அதை ஐம்பது சொச்சம் திட்டுகளாக வெட்டியிருக்கின்றன. சில திட்டுகளில் நாலு பேர் நிற்கக்கூட இடம் இருக்காது. 2022இல் இது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

இங்கே மீனும் இறாலும் பிடிக்கிறவர்களின் வேலை நேரத்தை முடிவு செய்வது, ஓடைக்குள் வந்து போகிற கடல் தண்ணீர். ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். நேற்று வற்றிய நேரத்தைவிட இன்று ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வற்றும். பழைய கணக்கில் அது இரண்டு நாழிகை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் அதிகம், அஷ்டமி பக்கம் குறைவு. திதி தெரிந்தால் தண்ணீரின் போக்கு தெரிந்துவிடும். அதனால் இவர்கள் ஒரு நாள் விடியலில் இறங்குவார்கள், இன்னொரு நாள் உச்சி வெயிலில்.

தண்ணீர் வற்றும்போது ஓடைக்குள் இறங்குகிறவர்களில் இருளர் மக்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெண்களும் ஆண்களுமாக வரிசையாகப் போவார்கள். கையில் வலை இருக்காது. பறி என்கிற சின்னக் கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். இரண்டு கையும் சேற்றைத் தடவ வேண்டுமே, கூடையை வேறு எப்படிப் பிடிப்பது? முகம் மட்டும் வெளியே தெரிய, குனிந்து, கைக்குத் தட்டுப்படுகிற இறாலைச் சட்டென்று பிடித்துப் பறியில் போடுவார்கள். சிப்பி ஓடு விரலைக் கிழிக்கும், கெளுத்தி முள் குத்தும். அப்படியே மணிக்கணக்காகத் தண்ணீரில் இருப்பார்கள். அதைப் பார்த்த அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. கண்ணால் பார்க்காமல், வெறும் விரலால், சேற்றுக்குள் ஓடுகிற இறாலைப் பிடிப்பது எவ்வளவு பெரிய திறமை! இதை நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டுவதே இல்லை.

மரங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். தண்ணீருக்குள் விழுதுபோல் வேர்களை ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதன் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீளமாக வளர்ந்து, அப்புறம்தான் கீழே விழும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரமும் இங்கே உண்டு. அதைத் தொடாதீர்கள், பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இந்தக் காடு ஒரு காலத்தில் அழிந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே பகுதி பகுதியாக மரத்தை மொட்டையடித்தார்கள். வெயில் பட்டு மண் காய்ந்து தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் கடல் நீர் தேங்கி, உப்பு ஏறி, செடி முளைக்காமல் போனது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் வந்து போக வழி கிடைத்ததும் காடு திரும்ப வளர ஆரம்பித்தது. நீங்கள் கடந்து போகிற பசுமையில் ஒரு பகுதி அந்தக் கைகளின் உழைப்பு.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலோர மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு மக்களுக்கு அந்த மறைவு இல்லை. பலர் இறந்தார்கள், மிஞ்சியவர்கள் உள்ளே வந்து குடியேறினார்கள். இதைப் பற்றி அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள்.

போகிறவர்கள் தை, மாசியில் போவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வெள்ளம் குறுக்கே வரும். விடியலில் பக்கத்தில் இருக்கிற முடசலோடை மீனவ ஊருக்குப் போனால் படகுகள் வந்து மீன் இறங்குவதைப் பார்க்கலாம். அன்றைக்குத் தண்ணீர் எப்போது வற்றும் என்று அங்கேயே யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தண்ணீரில் நிற்கிற பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். கரையில் இறால் வாங்கினால் பேரம் பேசாமல், கேட்கிற விலையைக் கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.