நகர மண்டபத்தின் பக்கத்து வீடு

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாண நூலகம் என்றதும் நாங்கள் உடனே 1981 மே 31 இரவைப் பற்றித்தான் கதைக்கத் தொடங்குகிறோம். கதைக்க வேண்டும்தான், ஏறக்குறைய 97,000 புத்தகங்களும் ஏடுகளும் எரிந்துபோன இரவு அது. ஆனால் அந்தக் கட்டடத்தை எங்கள் ஊர் எப்படிக் கட்டி எழுப்பியது என்பதைப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வதே இல்லை. இன்றைக்கு அதைச் சொல்கிறேன்.

1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலேயே புத்தகங்களை வைத்து ஊராருக்கு வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் அது ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்குப் போனது. புத்தகங்கள் 844, அவ்வளவுதான். 1935இல் நகர சபை பொறுப்பேற்றது. 1936இல் சபைக் கட்டடமும் நகர மண்டபமும் எழுந்தபோது நூலகமும் பக்கத்திலிருந்த ஒரு மாடிக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. ஊர் கூடுகிற இடமும் ஊர் வாசிக்கிற இடமும் அருகருகே! எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

பிறகு அந்த இடமும் போதவில்லை. 1949இல் யாழ்ப்பாணம் மாநகர சபையானது, முதல் மேயர் சாம் சபாபதி. புதிய நூலகத்துக்குக் காசு வேண்டுமே? கார்னிவல் வைத்தார்கள், லொத்தர் விற்றார்கள், சனம் டிக்கெட் வாங்கியது. அதனால்தான் அதை எங்கள் கட்டடம் என்று உரிமையோடு சொல்கிறேன்.

கட்டிய விதத்தையும் கேளுங்கள். நூலகத்துறையின் பெரும் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனிடம் ஆலோசனை கேட்டார்கள், வரைபடத்தைச் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்தார். அதாவது உள்ளே என்ன நடக்கப் போகிறது என்று நன்றாகத் தெரிந்த ஒருவரின் சொல்லையும் கேட்டுத்தான் சுவர் எழுப்பினார்கள், வெளித் தோற்றத்தை மட்டும் பார்த்து அல்ல. தோற்றத்திலும் குறை வைக்கவில்லை: திராவிடச் சாயலில் வெள்ளை வெளேரென்ற இரண்டு மாடி, நடுவில் குவிமாடம், முன்னால் வீணையோடு சரஸ்வதி. 1954 மார்ச் 29இல் அடிக்கல், 1959 அக்டோபர் 11இல் மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். சிறுவர் பகுதி 1967இல்தான் வந்தது. கையில் காசு வர வர, பகுதி பகுதியாகத்தான் வளர்ந்தது.

எரிந்த நூலகம் பழைய வடிவிலேயே திரும்ப எழுந்துவிட்டது. போரில் அழிந்த நகர மண்டபத்துக்கு அப்படி நடக்கவில்லை, புல்லுக்குளத்தடியில் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் வைக்க 2019 ஆகிவிட்டது. சரி, புதியது வரட்டும். ஆனால் அதன் மேடை எப்படி இருக்க வேண்டும், பின்வரிசையில் இருப்பவருக்குக் குரல் கேட்குமா என்று எங்கள் நாடகக்காரரையும் சங்கீதக்காரரையும் கேளுங்கள், அன்று ரங்கநாதனைக் கேட்ட மாதிரி. அப்புறம் ஒன்று, உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய மண்டபத்தில் எடுத்த கல்யாணப் படமோ கூட்டத்து நோட்டீசோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள், கொண்டுவந்து தாருங்கள், ஸ்கான் எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்.