பக்கத்து சீட்டில் துப்பாக்கி: டெக்சஸ் மாணவர்கள் என்ன நினைக்கிறாங்க?

[திரையில்: ஆஸ்டின் நகரம், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டுக் கோபுரம்]

வணக்கம். டெக்சஸுக்குப் படிக்கப் போற பிள்ளைங்களுக்கும், அவங்களை அனுப்பி வைக்கிற அப்பா அம்மாவுக்கும்தான் முதல்ல இந்த வீடியோ. டல்லாஸ், ஆர்லிங்டன், ஹூஸ்டன், காலேஜ் ஸ்டேஷன்னு நம்ம பிள்ளைங்க நிறையப் பேர் படிக்கிற மாநிலம் அது. அங்க ஒரு அரசுப் பல்கலைக்கழகத்துல கிளாஸ்ல போய் உக்காந்தா, பக்கத்து சீட்ல இருக்கிறவர் சட்டைக்குள்ள குண்டு போட்ட கைத்துப்பாக்கி இருக்கலாம். சட்டப்படி அதுக்கு அனுமதி உண்டு. ஆனா அது வெளிய தெரியக்கூடாது. "உன்கிட்ட துப்பாக்கி இருக்கா"ன்னு ஆஸ்டின்ல ஒரு புரொபசர் கூட மாணவரைக் கேக்க முடியாது.

அங்க படிக்கிற மாணவர்கள் இதைப் பத்தி என்ன நினைக்கிறாங்க? தற்காப்புக்கு ஆயுதம் வேணும்னு யார் கேக்குறாங்க, வேணாம்னு யார் சொல்றாங்க, ஏன்? அதைத்தான் பாக்கப் போறோம்.

முதல்ல சட்டம். இதுக்கு 'கேம்பஸ் கேரி'ன்னு பேரு. செனட் மசோதா 11-ல ஆளுநர் கிரெக் அபாட் 2015 ஜூன்ல கையெழுத்துப் போட்டார். நாலு வருஷப் பல்கலைக்கழகங்கள்ல 2016 ஆகஸ்ட் 1-ல அமலுக்கு வந்துச்சு, கம்யூனிட்டி காலேஜ்கள்ல அடுத்த வருஷம் அதே தேதியில. சட்டம் வந்தப்ப பொதுவா 21 வயசு ஆகியிருக்கணும், லைசென்ஸ் வேணும். 2021-ல இருந்து டெக்சஸ் தெருவுல லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வச்சுக்கலாம்னு ஆகிடுச்சு, ஆனா கேம்பஸுக்குள்ள இன்னிக்கும் லைசென்ஸ் கட்டாயம். தனியார் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் 'எங்களுக்கு வேணாம்'னு சொல்ற உரிமை கொடுத்தாங்க. ரைஸ், பேய்லர் உட்பட கிட்டத்தட்ட எல்லாருமே வேணாம்னுட்டாங்க. விருப்பம் கேட்ட இடத்துல வந்த பதில் இது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அந்த லைசென்ஸ் வாங்க என்ன செய்யணும்? நாலுல இருந்து ஆறு மணி நேரம் ஒரு வகுப்பு. எழுத்துத் தேர்வு. அப்புறம் சுடுற தேர்வு: காகிதத்துல வரைஞ்ச மனுஷ உருவம், மொத்தம் 50 குண்டு. 20 குண்டு 3 கஜத்துல இருந்து, 20 குண்டு 7 கஜத்துல இருந்து, மீதி 10 குண்டு 15 கஜத்துல இருந்து. 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தா பாஸ். மூணு கஜம்னா ஒரு சின்ன ரூமோட இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் உள்ள தூரம். காகிதம் நகராது, திருப்பிச் சுடாது, நமக்கும் காகிதத்துக்கும் நடுவுல அலறிக்கிட்டு ஓடுற நாப்பது பேர் இருக்க மாட்டாங்க. இதுக்கு மேல எந்தப் பயிற்சியும் சட்டப்படி கட்டாயம் கிடையாது. அப்படி ஒருத்தர் தானா போய்ப் பழகிக்கிட்டா, அது அவரோட பொறுப்புணர்ச்சி.

[திரையில்: 1966, கறுப்பு வெள்ளைப் படங்கள்]

2016 ஆகஸ்ட் 1-ன்னு சொன்னேன் இல்லையா? அதுக்குச் சரியா அம்பது வருஷம் முன்னாடி, 1966 ஆகஸ்ட் 1-ம் தேதி, இதே ஆஸ்டின் பல்கலைக்கழகத்துல ஒருத்தன் மணிக்கூண்டோட 28-வது மாடிக்கு ஏறினான். அவன் அங்கேயே இன்ஜினீயரிங் படிச்ச மாணவன், முன்னாள் மரைன் படை வீரன். தன் அம்மாவையும் மனைவியையும் முந்தின இரவே கொன்னுட்டு வந்திருந்தான். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல மேல இருந்து சுட்டான். பத்துக்கும் மேற்பட்டவங்க செத்தாங்க, முப்பது பேருக்கும் மேல காயம். அவன் பேரை நான் சொல்லப் போறதில்லை. கீழ இருந்தவங்க பேரைச் சொல்றேன்.

கிளேர் வில்சன். வயசு 18, எட்டு மாசக் கர்ப்பிணி. முதல்ல சுடப்பட்டவங்கள்ல ஒருத்தர். வயித்துலயே இருந்த குழந்தை போச்சு. கூட நடந்து வந்த காதலர் குனிஞ்சு என்ன ஆச்சுன்னு கேக்கும்போதே அவரையும் சுட்டான், அங்கேயே விழுந்து செத்தார். ஆகஸ்ட் வெயில்ல கொதிக்கிற சிமெண்ட் தரையில கிளேர் ஒரு மணி நேரத்துக்கும் மேல கிடந்தாங்க. அப்ப ரீட்டா ஸ்டார்பேட்டர்ன்னு ஒரு மாணவி ஓடி வந்து, அந்தத் திறந்த வெளியில, கிளேர் பக்கத்துல தரையோட தரையா படுத்துக்கிட்டு, அவங்க மயங்கிடாம இருக்கப் பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருந்தார். கடைசியில கையில ஆயுதம் எதுவும் இல்லாத இளைஞர்கள் ஓடி வந்து கிளேரைத் தூக்கிட்டுப் போனாங்க.

அதே நேரத்துல இன்னொண்ணும் நடந்துச்சு. மாணவர்களும் ஊர்க்காரங்களும் வீட்டுக்கும் காருக்கும் ஓடி, மான் வேட்டைக்கு வச்சிருந்த ரைஃபிளை எடுத்துட்டு வந்து கோபுரத்தைப் பாத்துச் சுட ஆரம்பிச்சாங்க. அதனால அவன் தலையைத் தூக்க முடியாம, சுவரோட தண்ணி வடியிற ஓட்டை வழியா மட்டும் சுட வேண்டியதாச்சு. நிறைய உயிர் தப்பிச்சதுன்னு அப்பவே சொன்னாங்க. ஆனா போலீஸ்காரங்க ரமிரோ மார்ட்டினெஸும் ஹூஸ்டன் மெக்காயும் மேல போய்ச் சேர்ந்தப்ப, கீழ இருந்து வந்த அதே குண்டுகள் அவங்க தலைக்கு மேல பாஞ்சுக்கிட்டிருந்துச்சு. அவங்களோட மேல ஏறினவர்ல ஆலன் கிரம்னு ஒருத்தர், போலீஸ் இல்லை, பக்கத்துப் புத்தகக் கடையில வேலை பாத்தவர். கையில இரவல் ரைஃபிள்.

இந்த ஒரே நாளை ரெண்டு தரப்புமே தங்களுக்குச் சாட்சியா எடுத்துக்குவாங்க. ரெண்டு பேர் சொல்றதுலயும் பொய் இல்லை. நான் கவனிக்கிறது வேற: சுட்டவன் வெளியாள் இல்லை. அதே கிளாஸ்கள்ல உக்காந்தவன்.

அம்பது வருஷம் கழிச்சு கேம்பஸ் கேரி விவாதம் வந்தப்ப, கிளேர் வில்சன் டெக்சஸ் சட்டமன்றத்துக்கே போய் அதை எதிர்த்துப் பேசினாங்க.

அவங்களுக்கு நேர் எதிர்ப் பக்கத்துல இன்னொரு டெக்சஸ் பெண்மணி. சுசானா ஹப். 1991 அக்டோபர் 16, கில்லீன்ங்கிற ஊர்ல லூபீஸ் உணவகத்துல அப்பா அம்மாவோட சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. ஒருத்தன் வண்டியைக் கண்ணாடியை உடைச்சு உள்ள ஓட்டிட்டு வந்து, இறங்கிச் சுட ஆரம்பிச்சான். சுசானா கைப்பைக்குப் போனாங்க. துப்பாக்கி அதுல இல்லை, காருல இருந்துச்சு. மறைச்சு எடுத்துட்டுப் போறது அப்ப டெக்சஸ்ல சட்ட விரோதம். மாட்டினா தன் தொழில் லைசென்ஸ் போயிடும்னு பயந்து காருலயே வச்சிருந்தாங்க. அப்பாவும் அம்மாவும் அங்கேயே செத்தாங்க. மொத்தம் 23 உயிர். சுசானா அதுக்கப்புறம் சட்டமன்ற உறுப்பினரே ஆனாங்க. மறைச்சு வச்சுக்கிற உரிமைக்காகப் போராடினவங்கள்ல முக்கியமானவங்க.

அவங்க இடத்துல நான் இருந்திருந்தா, அந்தக் கைப்பையை ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டேன். துப்பாக்கி வேணும்னு கேக்கிற மாணவர்களை முரடர்னு நினைக்கிறது தப்பு. 2007 ஏப்ரல் 16-ல வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துல 32 பேர் கொல்லப்பட்டப்ப, பெஞ்சைக் கதவுல முட்டுக் கொடுத்துக்கிட்டு நின்ன பிள்ளைங்களை நினைச்சுத்தான் கேம்பஸ் கேரிக்கான மாணவர் அமைப்பு ஒண்ணு உருவாச்சு. அந்த வருஷ அக்டோபர்ல நாடு முழுக்க அதன் மாணவர்கள் இடுப்புல காலியான துப்பாக்கி உறையை மாட்டிக்கிட்டு கிளாஸுக்குப் போனாங்க. 'எங்களைக் கையாலாகாதவங்களா விட்டு வச்சிருக்கீங்க'ங்கிறதுதான் அந்தக் காலி உறை சொன்னது.

ஆனா அவங்கதான் பெரும்பான்மையா? இல்லை. அமெரிக்காவோட மிட்வெஸ்ட் பகுதியில இருக்கிற 15 அரசுப் பல்கலைக்கழகங்கள்ல எடுத்த ஒரு ஆய்வு 2013-ல வெளிவந்துச்சு. கேம்பஸ்ல மறைச்சு எடுத்துட்டு வர்றதை 78 சதவீத மாணவர்கள் ஆதரிக்கலை. ஆஸ்டின்லயும் பல்கலைக்கழகம் அமைச்ச குழு, மாணவர்கள்ல ஒரு சதவீதத்துக்கும் குறைவானவங்ககிட்டதான் லைசென்ஸ் இருக்கும்னு கணிச்சுது. 21 வயசு ஆகணும்னு அப்ப இருந்ததால இளநிலை மாணவர்கள்ல பாதிக்கு மேல தகுதியே இல்லாம இருந்தாங்க.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படுற இடத்துக்கு வர்றேன். ராத்திரி கேம்பஸ்ல தனியா நடக்கப் பயமா இருக்குன்னு அதிகம் சொல்றது பெண்கள். கேம்பஸ்ல துப்பாக்கி வேணாம்னு அதிகம் சொல்றதும் பெண்கள்தான். ஆயுதம் வேணும்னு கேக்குறவங்கள்ல ஆண்கள் அதிகம். பயம் அதிகமா இருக்கிறவங்கதானே ஆயுதம் கேக்கணும்?

இதுல முரண்பாடு எதுவும் இல்லைங்கிறது என் கருத்து. 'நீ துப்பாக்கி வச்சுக்கலாமா'ன்னு கேட்டா ஒருத்தர் தன்னை நினைச்சுப் பதில் சொல்வார். தன் மேல எல்லாருக்கும் நம்பிக்கை உண்டு. 'உன் கிளாஸ்ல யார் வேணா வச்சுக்கலாமா'ன்னு கேட்டா, போன வாரம் குடிச்சுட்டுக் கதவை உடைச்ச பையன் முகம் வரும். போனை எடுக்கலைன்னா நாப்பது மெசேஜ் அனுப்புற பழைய காதலன் முகம் வரும். டெக்சஸ் பல்கலைக்கழக அமைப்பு 2017-ல வெளியிட்ட ஆய்வுல, ஆஸ்டின்ல படிக்கிற இளநிலை மாணவிகள்ல 15 சதவீதம் பேர், சேர்ந்த பிறகு பாலியல் வன்புணர்வுக்கு ஆளானதா சொல்லியிருந்தாங்க. அப்படிச் செய்றவன் பெரும்பாலும் தெரிஞ்சவன்தான். பார்ட்டியில, ரூம்ல, நண்பனா வந்தவன். கைப்பையில துப்பாக்கி இருந்தா போதும்னு ஒரு மாணவிகிட்ட சொல்றவங்க, அந்த அறையில அவனும் 21 வயசுக்காரனா இருக்கலாம்கிறதை யோசிச்சாங்களா?

இன்னொரு விஷயம். இந்த விவாதத்துல ரெண்டு தரப்புமே இதை மெதுவாத்தான் பேசுவாங்க. அமெரிக்காவுல துப்பாக்கியால சாகிறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலை. துப்பாக்கியால முயற்சி பண்றவங்கள்ல பத்துல ஒன்பது பேர் பிழைக்கிறதில்லை. மத்த வழிகள்ல முயற்சி பண்ற பெரும்பாலானவங்க பிழைச்சுக்குறாங்க, பிழைச்சவங்கள்ல ரொம்பப் பேர் மறுபடி அதுக்குப் போறதும் இல்லை. பரீட்சை போச்சு, காதல் போச்சு, வீட்டு ஞாபகம், தூக்கமில்லாத ரெண்டு மணி. அந்த ராத்திரியைத் தாண்டிட்டா காலையில விடியும். அப்ப மேஜை டிராயர்ல என்ன இருக்குங்கிறதுதான் வித்தியாசம். ஆஸ்டின் பல்கலைக்கழகம் ஹாஸ்டல் ரூம்கள்ல பொதுவா துப்பாக்கியை அனுமதிக்கலை. எல்லாப் பல்கலைக்கழகமும் அப்படி முடிவெடுக்கலை.

[திரையில்: 2016 ஆகஸ்ட், ஆஸ்டின் கேம்பஸ் போராட்டம்]

சட்டம் வந்தப்ப என்ன நடந்துச்சு? முதல் நாள் கிளாஸ் அன்னிக்கே ஆஸ்டின் மாணவிகள் பெரிய போராட்டம் நடத்தினாங்க. பையில செக்ஸ் பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு நூத்துக்கணக்கானவங்க நடந்தாங்க. ஆபாசப் பொருளை வெளிய காட்டினா தண்டனை, துப்பாக்கிக்கு அனுமதியான்னு கேக்கத்தான் அந்த வழி. ஜெசிக்கா ஜின்ங்கிற பழைய மாணவி ஆரம்பிச்சது அது.

ஆசிரியர்கள்ல சிலர் வெளியேறினாங்க. பொருளாதாரப் பேராசிரியர் டேனியல் ஹேமர்மெஷ் இனி அங்க பாடம் எடுக்க மாட்டேன்னார், கட்டிடக்கலைப் பள்ளியோட டீன் ஃப்ரிட்ஸ் ஸ்டைனர் பென்சில்வேனியாவுக்குப் போனார். மூணு பேராசிரியைகள் வழக்குப் போட்டு 2018-ல மேல்முறையீட்டுலயும் தோத்தாங்க. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துல ஆசிரியர்களுக்குக் காட்டின ஒரு ஸ்லைடு 2016-ல வெளிய வந்துச்சு: சிக்கலான விஷயங்களைப் பேசும்போது ஜாக்கிரதை, தேவைப்பட்டா சில தலைப்புகளை விட்டுடுங்க, மாணவருக்குக் கோபம் வர்றது தெரிஞ்சா மேல போகாதீங்க. ஒரு வகுப்பறை இப்படி ஆகுறது எனக்கு மனசு கேக்கலை. கேள்வி கேட்டு முட்டி மோதத்தானே பிள்ளைங்களை அங்க அனுப்புறோம்?

பயந்த மாதிரி தினமும் துப்பாக்கிச் சண்டை வந்துச்சான்னா, வரலை. அதையும் நேர்மையா சொல்லணும். டார்ல்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல 2016 செப்டம்பர்ல ஒரு ஹாஸ்டல் ரூம்ல துப்பாக்கி தவறுதலா வெடிச்சுது, யாருக்கும் அடிபடலை. அதே போல, ஆதரவாளர்கள் சொன்ன பாதுகாப்பும் கண்ணுக்குத் தெரியற மாதிரி வரலை. 2017 மே 1, ஆஸ்டின் கேம்பஸ்ல பட்டப்பகல்ல ஒரு மாணவன் கத்தியால குத்தி ஒரு மாணவர் செத்தார், மூணு பேருக்குக் காயம். அவனைப் பிடிச்சது கேம்பஸ் போலீஸ்.

[திரையில்: பாஸ்போர்ட், விசா பக்கம்]

இப்ப நம்ம பிள்ளைங்களுக்கு. எஃப்-1ங்கிற மாணவர் விசாவுல போறவங்க அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி பொதுவா துப்பாக்கியோ குண்டோ வச்சிருக்கவே கூடாது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு மட்டும் உண்டு. டெக்சஸ் சட்டம் எவ்வளவு தாராளமா இருந்தாலும் இது மாறாது. சீனியர் அண்ணன்மார் வார இறுதியில 'ஷூட்டிங் ரேஞ்ச் போகலாம் வாடா'ன்னு கூப்பிடுவாங்க. வாடகைத் துப்பாக்கியைக் கையில வாங்கிச் சுடுறதும் இந்தத் தடைக்குள்ள வரும். அதை இன்ஸ்டாகிராம்ல வேற போட்டு வைக்காதீங்க. ஆசை இருந்தா முதல்ல ஒரு வக்கீல்கிட்ட கேளுங்க.

சின்ன பெப்பர் ஸ்ப்ரே டெக்சஸ்ல வச்சுக்கலாம். விமானத்துல கைப்பையில கொண்டு போக முடியாது, அங்க போய் வாங்குங்க. ராத்திரி லைப்ரரியில இருந்து தனியா நடக்கப் பயமா இருந்தா, ஆஸ்டின்ல 'ஷ்யூர் வாக்'னு மாணவர்களே துணைக்கு நடந்து வர்ற ஏற்பாடு இருக்கு. மத்த கேம்பஸ்கள்லயும் போலீஸைக் கூப்பிட்டா துணை கிடைக்குமான்னு முதல் வாரமே விசாரிச்சு, நம்பரைப் போன்ல போட்டுக்கோங்க.

அப்பார்ட்மென்ட் எடுக்கும்போது ரூம்மேட்கிட்ட கேளுங்க: வீட்டுல துப்பாக்கி இருக்கா? இருந்தா பூட்டின பெட்டியில இருக்கா, சாவி யார்கிட்ட? கிளாஸ்ல கேக்க முடியாது. வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி தாராளமா கேக்கலாம். அங்க இது யாரும் தப்பா எடுத்துக்கிற கேள்வி இல்லை.