எந்த ஆஸ்பத்திரிக்கு?

நேயர்களுக்கு வணக்கம். ஆம்புலன்ஸில் ஆளை ஏற்றியாகிவிட்டது. உடனே வீட்டார் வாயில் வருவது, "ஜிப்மருக்கே விடுங்கப்பா." கடலூரிலும் புதுச்சேரியிலும் எல்லோருக்கும் பழகிய வார்த்தை. புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மர் பெரிய ஆஸ்பத்திரிதான், மறுக்கவில்லை. ஆனால் அவசர ஊர்தியின் அடிப்படை வேறு. இந்த நோயாளிக்கு இப்போது வேண்டிய சிகிச்சை எங்கெங்கே உண்டோ, அதில் எது பக்கமோ, அங்கே. பக்கமாக இருந்தால் மட்டும் போதாது, பெரிதாக இருந்தாலும் போதாது.

ஸ்கூட்டரில் போன ஒருவரைக் கார் அடித்துப் போட்டது. பார்த்தவர் தூக்கிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இது போலீஸ் கேஸ், இங்கே பார்ப்பதில்லை, அதற்கு அனுமதியுள்ள ஆஸ்பத்திரி 20 கிலோமீட்டரில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியோடு பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1989இல் தீர்ப்பு வந்தது: அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதலில் உயிரைப் பார்க்க வேண்டும், போலீஸ் நடைமுறை அப்புறம். விபத்தில் அடிபட்டவரோடு போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். எஃப்.ஐ.ஆர். கொண்டு வா என்று யார் சொன்னாலும் முதலுதவியை நிறுத்த முடியாது.

நமக்கு எல்லைச் சிக்கலும் உண்டு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் எல்லையாக இருக்கிற முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. 108ஐ அழைத்ததும் தமிழ்நாடா புதுச்சேரியா, எந்த ஊர், எந்தச் சாலை என்பதை முதலில் சொல்லுங்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரம் செலவில்லை.

அடுத்தது பாம்புக்கடி. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் கடித்தால், விஷமுறிவு ஊசி இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போவது தப்பு. அங்கே 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்த்தால் உறையாமல் ஓடுகிறதா? அப்படியானால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது. முதல் தவணையாக 8 முதல் 10 குப்பி வரை விஷமுறிவு மருந்தை ஏற்றிவிட்டு, தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அனுப்பும்போது சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். எத்தனை குப்பி, எத்தனை மணிக்கு, சோதனை முடிவு என்ன, மூன்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் போகிற இடத்தில் எல்லாம் ஒன்றிலிருந்து தொடங்கும். கயிறு கட்டாதீர்கள், கடிவாயைக் கீறாதீர்கள்.

நேரம் முடியப் போவதாகச் சைகை வருகிறது. பக்கவாதத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஒன்று மட்டும் சொல்கிறேன். வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சுக் குழறினால், சி.டி. ஸ்கேனும் மூளை ரத்தக்குழாயில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அந்த ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. தூங்கி எழும்போதே அப்படி இருந்தால், எழுந்த நேரத்தைச் சொல்லாதீர்கள். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள்.