கணுக்காலுக்கு மேல எலும்பு முறிஞ்சா கம்பியா, பிளேட்டா?

வணக்கம் உறவுகளே. திருகோணமலை டச் பே கடற்கரையில நிண்டு கதைக்கிறன், காத்துச் சத்தம் கொஞ்சம் கேக்கும்.

நிலாவெளி ரோட்டில மோட்டார் சைக்கிளால விழுந்து கால் முறிஞ்சவங்கட வீட்டுக்காரர் பிசியோதெரபிஸ்டான என்னட்ட கேக்கிறது ஒண்டுதான்: “கம்பி திறமா, பிளேட் திறமா?” கம்பி எண்டா எலும்புக்குள்ள விடுறது, பிளேட் எண்டா எலும்புக்கு மேல ஸ்க்ரூவால பூட்டுற உலோகத் தகடு.

முதல்ல கணுக்காலுக்கு மேல, உள்பக்கத்தத் தடவிப் பாருங்க. தோலுக்கு அடுத்தது எலும்புதான். சதை இல்ல, இரத்த ஓட்டமும் குறைவு. அதில வெட்டினா காயம் ஆறுறது கஷ்டம், கிருமி பிடிச்சா பிளேட் வரைக்கும் போயிரும். இப்ப சின்ன வெட்டால பிளேட்டை உள்ளுக்குத் தள்ளி விடுறாங்க, அது பெரிய முன்னேற்றம். எண்டாலும் மெலிஞ்ச ஆக்களுக்குத் தோலுக்குக் கீழ தட்டுப்படும்.

கம்பிய முழங்கால் பக்கமா எலும்புக் குழலுக்குள்ளால இறக்குவாங்க. முறிஞ்ச இடத்தப் பெரும்பாலும் திறக்கத் தேவையில்ல. ஆனா அந்தக் குழல் கீழ வர வர புனல் மாதிரி அகலும். கம்பி இறுக்கமா நிக்காது, எலும்பு சரிஞ்சு பொருந்தலாம். அதனாலதான் கீழ் முனையில ரெண்டு மூண்டு ஸ்க்ரூவ வேற வேற திசையில போடுறாங்க. பிறகு முழங்கால் நோவும் வரலாம். சேர்ச்சில முழந்தாளிடுறவங்க, பள்ளியில தொழுறவங்க இத சேர்ஜனிட்ட முதலே சொல்லுங்க.

பிரித்தானியாவில 28 ஆஸ்பத்திரியில 321 பேர வச்சு இதையே ஒப்பிட்டாங்க, 2017இல முடிவு வந்தது. 3 மாசத்தில கம்பி போட்டவங்க மற்றவங்கள விடக் கொஞ்சம் கூடத் தேறியிருந்தாங்க. 6 மாசத்தில பெரிய வித்தியாசம் இல்ல. அதால பிளேட்தான் வேணும் எண்டு வார்டில அடம் பிடிக்காதீங்க. உங்கட தோலையும் முறிவையும் பாத்து சேர்ஜன் தன்ட கைக்குப் பழகினதச் செய்யட்டும்.

மூட்டுக்குள்ள போன முறிவு இந்த ஆய்வில இல்ல. அதுக்குக் கணக்கே வேற. மூட்டுத் துண்டுகள ஒழுங்கா அடுக்கிப் பிடிக்கோணும், பெரும்பாலும் பிளேட்தான். வீக்கம் கூடவெண்டா முதல்ல வெளியால கம்பிச் சட்டம் பூட்டிட்டு, தோல் சுருங்கும் வரைக்கும் ஒரு கிழமை, ரெண்டு கிழமை காத்திருப்பாங்க. “ஏன் இன்னும் ஒப்பரேஷன் செய்யல்ல?” எண்டு சண்டை பிடிக்காதீங்க. அந்தக் காத்திருப்பும் வைத்தியம்தான். வீங்கின கால எண்ணெய் போட்டு உருவ வேணாம். பார்க்கப் போறவங்க சிகரெட் குடுக்கவே வேணாம், எலும்பு பொருந்துறது பிந்தும்.

டொக்டரிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: முறிவு மூட்டுக்குள்ள போயிருக்கா, எப்ப காலை ஊண்டலாம். மிச்சத்தக் கமெண்டில கேளுங்க, ஆனா எக்ஸ்ரே படத்தப் போடாதீங்க, அதில நோயாளியின்ட பேர் இருக்கும்.